மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா?

கேஸ்கின்ஸ்
செப்டம்பர் 9, 2013

மதிப்பிற்குரிய திருமதி ஹால்டர்சன் அவர்களுக்கு,

என் பெயர் டாம்சின் இபாரா. போன மே மாதம் வரை உங்கள் பேச்சு சிகிச்சை நிலையத்தில் வேலை பார்த்தவள். இப்படி என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிவரும் என்று நினைக்கவில்லை. ஆனால் நான் போன் செய்யும்போதெல்லாம் வரவேற்பில் இருக்கும் பெரிட், "எந்த டாம்சின்?" என்று கேட்கிறாள். பிறகு, "மேடம் நோயாளியோட இருக்காங்க" என்கிறாள். அவளுக்குப் பின்னால் நீங்கள் காபி இயந்திரத்தைத் திட்டுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். விமானப்படை என் கணவர் மார்செலை வடக்கிலிருந்து தெற்கே இந்தத் தளத்துக்கு மாற்றியது. விமான எஞ்சினைப் பழுதுபார்க்க அவருக்கு எந்த மாநிலத்திலும் புது உரிமம் தேவையில்லை. எனக்குத் தேவை. உங்கள் மாநிலம் கொடுத்த உரிமம் இங்கே செல்லாது. கல்லூரி மதிப்பெண், தேர்வு மதிப்பெண், கைரேகை, இதற்கு முன் நான் வேலை பார்த்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் நன்னடத்தைக் கடிதம் என்று இந்த மாநிலத்து உரிம வாரியம் கேட்ட எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். கைரேகை தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் மை தடவிக்கொண்டு போய் நின்றேன்.

பாக்கி இருப்பது ஒன்றுதான். கடைசியாக வேலை கொடுத்தவர் தரவேண்டிய சான்று. அதற்கான படிவம் ஜூலையிலேயே உங்களுக்கு அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள். இங்குள்ள மருத்துவமனையில் எனக்காக ஓர் இடம் காலியாக இருக்கிறது. உரிமம் வந்த அன்றே வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நான் தளத்துக் கடையில் சூப் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். லேபிள் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டுமாம்.

தயவுசெய்து அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
டாம்சின் இபாரா


கார்விக்
செப்டம்பர் 20, 2013

டாம்சின்,

பெரிட்டைக் குறை சொல்லாதே. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

படிவம் என் மேசைமேல் இருக்கிறது. கடைசிக் கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பியாகிவிட்டது. "இவரை மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா?" பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை. நடுவில் எழுத இடமே விடவில்லை.

எங்கள் மாநிலத்து உரிம வாரியத்தில் நானும் ஓர் உறுப்பினர் என்பது உனக்குத் தெரியும். இதேபோன்ற படிவங்களில் மரியாதைக்காகப் பொய் எழுதும் ஆட்களை நான் வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது நானே எப்படி எழுதுவது?

நீ கிளம்பியபோது உன் பொறுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு யாரும் இல்லை. ஆண்டர்ஸ் என்று அந்தக் கோதுமைப் பண்ணைக்காரர் மகன், அப்போதுதான் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்திருந்தான். அவனை நானே எடுத்துக்கொண்டேன். என்னைப் பார்த்தால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவன் அம்மா இப்போது அழைத்து வருவதை நிறுத்திவிட்டாள்.

உனக்கு முன்னால் இரண்டு பேர் இதேபோல விமானப்படைக்காரர்களின் மனைவிகள். கற்றுக்கொடுத்தேன், போனார்கள். இனி எடுப்பதில்லை என்று இருந்தவள்தான், உன்னைப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டேன். நான்கு வருஷம் இருப்போம் என்றாய். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

உத்தரவு வந்தது உன் குற்றமில்லை. ஆனால் படிவம் குற்றம் யாருடையது என்று கேட்கவில்லையே.

வி. ஹால்டர்சன்


கேஸ்கின்ஸ்
அக்டோபர் 2, 2013

திருமதி ஹால்டர்சன்,

ஏதோ நான் ஆசைப்பட்டு ஓடிவந்ததுபோல எழுதியிருக்கிறீர்கள்.

என் மகள் நெல் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இது அவளுக்கு மூன்றாவது பள்ளி. இந்த முறை புது வகுப்பில் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. கேட்டால், "எதுக்கும்மா, எப்படியும் போயிடுவோமே" என்கிறாள். இதைச் சொல்வது உங்கள் இரக்கத்துக்காக இல்லை. விட்டுவிட்டு வந்தது நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை என்று தெரியட்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பு எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆண்டர்ஸுக்குத் தரையில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். என்னால் பந்தயம் கட்ட முடியும்.

கடைசி நாள் நான் உங்கள் அறை வாசலில் வந்து நின்றேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தட்டினேன். பெரிட் என்னைப் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டாள். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வடக்கே இருக்கிறவனுக்கும் தெற்கே இருக்கிறவனுக்கும் நாக்கு வேறா, தொண்டை வேறா? எழுதிய தேர்வு நாடு முழுக்க ஒரே தேர்வு. ஆனால் மாநில எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும், நான் எதுவும் தெரியாதவளாகிவிடுகிறேன். காரில் வரும்போது எந்த மைல்கல்லில் மறந்தேன் என்று யாராவது சொன்னால் தேவலை.

ஆம் போடுங்கள், இல்லை போடுங்கள். ஏதாவது ஒன்றைப் போட்டு அனுப்பித் தொலையுங்கள்.

டாம்சின்


கார்விக்
அக்டோபர் 11, 2013

டாம்சின்,

அனுப்பிவிட்டேன்.

"இல்லை" என்று போட்டிருக்கிறேன். கோபப்படுவதற்குமுன் மீதியையும் படி. கூடவே இரண்டு பக்கம் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். நான் வேலைக்கு வைத்தவர்களில் நீதான் சிறந்தவள் என்றும், பேசாத பிள்ளை உன்னிடம் பேசியது என்றும், உன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றும், விமானப்படை உன்னை எப்போது வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இல்லை என்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும்.

ஆண்டர்ஸ் விஷயம். நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முழங்கால் மடங்காது.

கதவு விஷயம் ஞாபகம் இருக்கிறது.

வி.ஹா.


கேஸ்கின்ஸ்
நவம்பர் 18, 2013

திருமதி ஹால்டர்சன்,

யாரும் படிக்கவில்லை.

வாரியத்திலிருந்து ஒரு வரி வந்தது. என் விண்ணப்பம் "மேல்விசாரணைக்காக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது". போன் செய்தேன். மறுமுனையில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். ஆனால் அவள் சொன்னதைக் கேளுங்கள். "கூட வெக்கற பேப்பரெல்லாம் நாங்க பாக்கறதில்லம்மா. கட்டத்தத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துவோம். இல்லைன்னு இருந்தா அதுவே தனியா ஒதுக்கிடும்."

உங்கள் நேர்மையான இரண்டு பக்கங்கள் எங்கோ ஓர் உறையில் தூங்குகின்றன.

இது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். இன்னொன்று நடந்துவிட்டது. உங்களுக்குத்தான் எழுதத் தோன்றியது, ஏன் என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் டூயி ப்ரேட்டர் என்று ஒருவர். தளத்தில் லாரி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். வசந்த காலத்தில் பக்கவாதம் வந்தது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான் வருகிறது. செவ்வாய்க்கிழமை. பசித்தால் செவ்வாய்க்கிழமை, கோபம் வந்தால் செவ்வாய்க்கிழமை. மருத்துவமனையில் காத்திருப்போர் பட்டியல் அடுத்த கோடைவரை நீள்கிறது. அந்தப் பட்டியலைக் குறைப்பதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது.

அவர் மனைவி லர்லீன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "ஏம்மா, நீ பேச்சு சொல்லிக் குடுக்கற வேலைதான பாத்தே? என் வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் பண்ணக் கூடாதா?" எனக்கு இன்னும் உரிமம் வரவில்லை, செய்யக்கூடாது என்றேன்.  "செய்யத் தெரியாதா, செய்யக் கூடாதா?" என்று கேட்டாள். கூடாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 

அப்புறம் நான் ரம்மி விளையாடப் போனேன். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி வந்து சீட்டாடினால் எந்தச் சட்டம் தடுக்கும்? சீட்டு எடுக்கும்போது அவர் ஏதாவது சொல்ல வேண்டும், நான் காத்திருப்பேன். முதலில் பாட்டாக முனகவைத்தேன். அக்டோபர் முடிவதற்குள் "எடு", "போடு", "ராணி" மூன்றும் வந்துவிட்டன. லர்லீன் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் விண்ணப்பம் நின்றுபோனது தெரிந்ததும், எனக்கு உதவ வேண்டும் என்று நினைத்து, லர்லீன் யாரையும் கேட்காமல் வாரியத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதியிருக்கிறாள். டாம்சின் என் கணவருக்குப் பேச்சு கற்றுக்கொடுத்தாள், வாராவாரம் வந்தாள், ஒரு காசு வாங்கவில்லை, இவளைப் போன்ற ஒருத்தியை நீங்கள் காக்கவைப்பது வெட்கக்கேடு. உறையில் தபால்தலை ஒட்டியபிறகு என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னாள்.

வாரியம் அதைக் கவனமாகப் படித்தது. உரிமமின்றிச் சிகிச்சை அளித்ததாக என்மேல் விசாரணை. ஜனவரியில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

டாம்சின்


கார்விக்
நவம்பர் 26, 2013

டாம்சின்,

முட்டாள் பெண்ணே.

முதலில் இதற்குப் பதில் சொல். அந்த மனிதருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்ததா? நீ எதையாவது குடிக்கக் கொடுத்தாயா? உணவைப் பற்றி ஏதாவது யோசனை சொன்னாயா? ஒன்றுவிடாமல் எழுது.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். நான் வாரியத்தில் சேர்ந்த புதிதில் ஒரு வழக்கு வந்தது. ஒருத்தி எங்கிருந்தோ வந்து, வேறு மாநிலத்தில் எல்லாம் முடித்திருக்கிறேன் என்று சொல்லி, வீடுவீடாகப் போய்ச் சிகிச்சை செய்தாள். இனிமையாகப் பேசுவாள். காசும் அதிகம் கேட்கவில்லை. பக்கவாதம் வந்த ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று அவள் சொன்னாள். தண்ணீர் நுரையீரலுக்குப் போனது. அவருடைய மகள் என் எதிரில் உட்கார்ந்து, "அந்தம்மா ரொம்ப நல்லவங்களாத் தெரிஞ்சாங்களே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

உன் தொண்டைக் கேள்விக்கு இதுதான் என் பதில். தொண்டை எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான். அதற்குள் கை வைக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றில்லை. அதனால்தான் படிவம், அதனால்தான் கைரேகை. உன்னை எனக்குத் தெரியும். அந்த ஊர் வாரியத்துக்கு எப்படித் தெரியும்?

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். இணைப்பைப் படிக்காத வாரியம் எதற்கு வாரியம் என்று இருக்கிறது? இரண்டு பக்கம். நான் இரண்டு விரலால் தட்டச்சு செய்தது.

வி.ஹா.


கேஸ்கின்ஸ்
டிசம்பர் 4, 2013

திருமதி ஹால்டர்சன்,

குடிக்க எதுவும் கொடுக்கவில்லை. முதல் நாளே அவர் ஐஸ் டீ குடித்துவிட்டு இருமுவதைப் பார்த்தேன். குடித்தபின் தொண்டையில் நீர் தேங்கியதுபோலக் குரலில் ஈரம் கேட்டது. லர்லீனிடம், நான் தொடக்கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் விழுங்குவதைப் பரிசோதிக்கச் சொல் என்றேன். பேச்சுக்குத்தான் வரிசை, இருமலுக்கு இல்லை, அவசரப் பிரிவிலேயே உட்காரு என்று சொல்லி அனுப்பினேன். பரிசோதித்தார்கள். நுரையீரலுக்குள் நழுவாமல் இருக்க, இப்போது எல்லாவற்றையும் கெட்டியாக்கித்தான் குடிக்கிறார். காபியைக் கூழாக்கிக் கொடுத்தால் அவர் சொல்லும் செவ்வாய்க்கிழமையை எழுத்தில் எழுத முடியாது.

அந்த மகளை நினைத்துக்கொண்டேன். நீங்கள் அந்த வழக்கை இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

நான் செய்தது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் செய்யாமல் இருந்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மார்செல், "ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நாங்கள் ஓர் ஊரில் இருப்பதே மொத்தம் இரண்டு மூன்று வருஷம், அதில் ஒரு வருஷத்தை டப்பா அடுக்கியே கழிப்பேனா என்று கத்திவிட்டேன். நெல் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டாள்.

உங்களை எதுவும் செய்யச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. விசாரணை ஜனவரி 14.

டாம்சின்


கேஸ்கின்ஸ்
ஜனவரி 16, 2014

அன்புள்ள வினிஃப்ரெட்,

இனி பெயர் சொல்லித்தான் அழைப்பேன். எனக்காக, முன்பின் தெரியாத ஆறேழு பேர் முன்னால் அப்படிக் கத்தியவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நீங்கள் தொலைபேசி வழியாக விசாரணையில் பேசப்போகிறீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேசை நடுவில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தார்கள். திடீரென்று அதிலிருந்து, "என் ரெண்டு பக்கத்த யாராச்சும் படிச்சீங்களா?" என்று உங்கள் குரல் வந்ததும் நான் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பழக்கதோஷம்.

உங்களுக்குக் கேட்டது பாதிதான் இருக்கும். அதனால் அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உங்கள் படிவத்தை எடுத்தார். மீண்டும் எடுப்பீர்களா என்பதற்கு நீங்களே இல்லை என்றிருக்கிறீர்களே, இப்போது எதற்காகப் பரிந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொன்னதை லர்லீன் தேவாலயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனவே இந்த ஊர் முழுக்கத் தெரியும்.

"ஏன்னா அவ போயிடுவா. போக மாட்டான்னு விமானப்படைகிட்ட எழுதி வாங்கிக் குடுங்க, நாளைக்கே எடுத்துக்கறேன். அது அவ வேலையப் பத்தின பதில் இல்ல சார், அவ வீட்டுக்காரரோட வேலையப் பத்தின பதில். நீங்க யாருக்கு லைசென்ஸ் குடுக்கறீங்க?"

 ஓர் உறுப்பினர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு விழுங்கும் பரிசோதனையை நான் செய்யாமல் மருத்துவமனைக்கு அனுப்பியதை நீங்கள் எடுத்துச் சொன்னீர்கள். அது அவர்களுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள்.

நீங்கள் போனை வைத்தபின் ஒரு கூத்து. லர்லீனைக் கேள்வி கேட்டார்கள். அவள் பதில் சொல்லத் தொடங்கியதும் டூயி கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். தானே சொல்கிறாராம். தலைவர் அவர் பக்கம் குனிந்து, நிதானமாக, "இவங்க உங்க வீட்டுக்கு வந்து என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

டூயி தாடையை அசைத்தார். எனக்கு அந்த அசைவு தெரியும், செவ்வாய்க்கிழமை வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எல்லோரும் காத்திருந்தோம்.

"ஏமாத்துனா" என்றார்.

அறையே என்னைப் பார்த்தது. சுருக்கெழுத்துக்காரி அதையும் பதிவு செய்துகொண்டாள். லர்லீன் எழுந்து நின்று, "சீட்டாட்டத்துலங்க. இவரு ராணிய எப்பவும் வலது பக்கம்தான் வெப்பாரு, இவ எட்டிப் பாத்துடுவா" என்றாள். டூயி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தலைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதத்துக்குள் குனிந்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த வார்த்தையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, வினிஃப்ரெட். அவராகத் தேடி எடுத்தது.

முடிவு: எழுத்தில் ஒரு கண்டனம், அதோடு உரிமம். பிப்ரவரி முதல் வாரம் மருத்துவமனையில் சேர்கிறேன். மார்செல் தளத்துக் கடைக்குப் போய் எனக்குப் பதிலாக ராஜினாமா சொல்லிவிட்டு, சூப் டப்பா ஒன்றை லேபிள் பின்பக்கம் பார்க்கும்படி வைத்துவிட்டு வந்தாராம்.

உங்கள் மாநிலத்திலும் இதே விஷயமாக மசோதா வருகிறது என்று செய்தியில் பார்த்தேன். படைவீரர் குடும்பத்தினர் வேறு மாநில உரிமத்தோடு வந்தால் உடனடியாகத் தற்காலிக அனுமதி, மற்றதெல்லாம் பிறகு. உங்கள் வாரியம் எதிர்க்கிறதாமே. நீங்கள் அந்தக் கறுப்புப் பெட்டியில் சொன்னதை அங்கேயும் சொல்வீர்களா?

நன்றியுடன்,
டாம்சின்


கார்விக்
பிப்ரவரி 3, 2014

டாம்சின்,

ஒரு தடவை போனில் பேசியதால் என்னை விலைக்கு வாங்கிவிட்டதாக நினைக்காதே.

உனக்காகப் பேசியது உன்னைத் தெரியும் என்பதால். சட்டம் முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான். மசோதாவின் நகலைப் படித்தேன். யாரோ தேர்தலுக்காக அவசரத்தில் எழுதியது. விழுங்கும் சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாரியம் எதிர்க்கிறது. சட்டமன்றக் குழுவின் முன் பேச என்னைத்தான் அனுப்புகிறார்கள். நான் என்ன பேசுவேன் என்பது என் தலைவலி.

கண்டனத்தை வாங்கி வைத்துக்கொண்டு சிரிக்காதே. அது உன் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும்.

வினிஃப்ரெட்


கேஸ்கின்ஸ்
ஏப்ரல் 22, 2014

அன்புள்ள வினிஃப்ரெட்,

நீங்கள் சொன்னது சரி, ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

மார்செலுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மேற்கே. ஆகஸ்டுக்குள் போய்ச் சேர வேண்டும். இங்கே ஒரு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. அங்கே ஏதோ ஒரு பிரிவில் எஞ்சின்காரர்கள் போதவில்லையாம். மருத்துவமனையில் என் பெயர்ப்பலகை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. பித்தளைப் பலகை செய்யக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மேற்கு மாநிலத்தின் விண்ணப்பத்தை இறக்கிப் பார்த்தேன். எல்லாம் முதலிலிருந்து. கூடவே ஒரு கேள்வி, "உங்கள்மீது எங்காவது விசாரணை நடந்ததுண்டா?" இனி வாழ்நாள் முழுக்க அதற்கு ஆம் என்று எழுத வேண்டும். லர்லீனுக்கு இதை நான் சொல்லவில்லை. தெரிந்தால் அவள் அந்த வாரியத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுவாள்.

மார்செல் அட்டைப்பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இந்தத் தடவை நீங்க மட்டும் போங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் இறங்கி வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார். "எம்மேல கோவமா?" என்றார். இல்லை என்றேன். உண்மையில் இல்லை. இது சண்டை இல்லை, நெல் இப்போதுதான் ஒரு சிநேகிதியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள், என்னிடம் முப்பது நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப்பேர் எனக்காகவே அரை வருஷம் காத்திருந்தவர்கள் என்றேன்.  "நான் இல்லாம நீங்க பழகிட்டா?" என்று கேட்டார்.  நானும் போய் அவர் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

படையில் அவருடைய ஒப்பந்தம் அடுத்த இலையுதிர் காலத்தில் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடுவதா என்று அப்போது பார்ப்போம் என்கிறார். இதற்குமுன் அவர் "பார்ப்போம்" என்று சொன்னதே இல்லை. சரி செய்கிறேனா, தப்பு செய்கிறேனா தெரியவில்லை. நல்ல வேலையை வைத்துக்கொள்ள ஒருத்தி புருஷனை அனுப்பிவைக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. ஆனால் யார்மேல் என்றுதான் புரியவில்லை.

உங்கள் குழுக் கூட்டம் முடிந்திருக்குமே. எழுதவே இல்லையே.

டாம்சின்


கார்விக்
ஜூலை 10, 2014

அன்புள்ள டாம்சின்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கையில் ஆள் இல்லாமல் ஒருத்தியே எல்லாவற்றையும் பார்த்தால் கடிதம் எங்கே எழுதுவது?

கூட்டத்துக்குப் போனேன். வாரியம் தயாரித்துக் கொடுத்த உரையை எடுத்துக்கொண்டுதான் போனேன். தரம், மக்கள் பாதுகாப்பு என்று நான் இருபது வருஷமாகச் சொல்லும் அதே வாக்கியங்கள். முதல் பக்கம் படித்தேன். எல்லாம் உண்மைதான். இப்போதும் உண்மைதான். அதை மடித்து வைத்துவிட்டு, இது வாரியத்தின் கருத்து, இனி சொல்வது என்னுடையது என்றேன்.

தண்ணீர் குடித்து இறந்தவரைப் பற்றிச் சொன்னேன். பிறகு, தெரிந்த வேலையை மாதக்கணக்காகச் செய்ய முடியாமல் சீட்டாடப் போன ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. முதல் ஆள் எங்களைப் போன்ற வாரியங்களின் கண்ணில் படாமல் நுழைந்தவள், இரண்டாவது ஆளை நாங்களே விதியை மீறவைத்தோம், இரண்டுக்கும் காரணம் நாங்கள் படிக்கவேண்டியதைப் படிக்காததுதான் என்றேன். வேறு மாநில உரிமத்தை ஒரு போன் போட்டால் சரிபார்த்துவிடலாம். மறுநாளே வேலையைத் தொடங்கட்டும். விழுங்கும் சிகிச்சைக்கு மட்டும் முதல் மூன்று மாதம் உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். அந்த விதியை நானே எழுதிக் கொடுத்தேன். அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். மசோதா நிறைவேறிவிட்டது. என் சகாக்களில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் பேச்சு சிகிச்சையாளர்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உன்னுடைய விஷயத்தில் நான் என்ன சொல்ல? மார்செல் நல்ல மனிதர். இந்தச் சட்டம் உன் மேற்கு மாநிலத்தில் இல்லை, உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்கு எனக்கு வருத்தம் இருக்கிறது. இதைக் கடிதத்தில்தான் சொல்ல வரும், நேரில் வராது.

போன திங்கட்கிழமை ஒருத்தி வந்தாள். ஐலானி ஃபுவாலாவ் என்று பெயர், நான் இன்னும் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். கடல்தாண்டிய தீவிலிருந்து வந்தவள். இவளுடைய கணவனும் உன் பழைய தளத்தில்தான் இருக்கிறான். தற்காலிக அனுமதியை உறையோடு கையில் வைத்திருந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"மேடம், நாங்க இங்க ரெண்டு வருஷம்தான் இருப்போம். அதுகூட நிச்சயமில்ல."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எத்தனை வாசலில் இதைச் சொல்லித் திரும்பிப் போயிருக்கிறாளோ.

"ரெண்டே வருஷமா? அப்ப ஏன் வாசல்ல நின்னுட்டிருக்கே? உள்ள வா" என்றேன்.

அன்புடன்,
வினிஃப்ரெட்